நிலத்தின் மேலும் கீழும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரி நகருக்கு வடக்கே, கடற்கரையினின்றும் சற்று உள்ளடங்கிய செம்மண் மேட்டுநிலத்தில் இடையஞ்சாவடி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 25 கி.மீ. சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். மேட்டுநிலத்தில் மணிலாக்கொட்டையும் கம்பும் முந்திரியும் விளைகின்றன. கடலோரத்து அளங்களில் உப்பு விளைகிறது. பாத்தியில் பாய்ச்சிய உவர்நீர் வெயிலில் வற்ற, அடியிற் படியும் உப்பைத் தொழிலாளர் வாரிக் குவிக்கின்றனர். மழைக்காலம் வந்ததும் வேலை நின்றுவிடும். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் அதே பாத்தி மீண்டும் உப்பைத் தரும். வயலும் அவ்வாறே, இவ்வாண்டு அறுத்த நிலத்தில் அடுத்த ஆண்டும் விதைக்கலாம்.

இடையஞ்சாவடி என்னும் பெயர், ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த ஆயர்களை நினைவூட்டுகின்றது. மேய்ப்பவனுக்கு மேய்ச்சல் நிலத்தின்மேல் பட்டா இல்லை. அளத்தில் உப்பு வாருபவருக்கு அளம் சொந்தமன்று. குத்தகைக்கு உழுபவர், நாற்று நடும் பெண்கள், விறகு பொறுக்குவோர், ஏரியில் மீன் பிடிப்போர் ஆகிய இவர்கள் எல்லோரும் நிலத்தை நம்பியே வாழ்கின்றனர். ஆயினும், நில ஆவணத்தில் இவர்களுடைய பெயர் காணப்படுவதில்லை. நிலத்தால் வாழ்வோர் பலர். ஆவணத்தில் பெயருடையோர் சிலர். இவ்வேறுபாடு அமைதியான காலத்தில் எவர் கண்ணிலும் படுவதில்லை. நிலத்தின் கீழே விலைமிக்க கனிப்பொருள் ஒன்று கிடக்கின்றது என்று தெரியவரும் நாளில்தான் அது பெரிதாகத் தோன்றும்.

கனிப்பொருள்கள் இன்றி இக்கால வாழ்க்கை நடைபெறாது. உழுகலப்பையின் கொழு இரும்பினால் ஆனது. மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி செம்பினாலோ அலுமினியத்தினாலோ ஆனது. அலுமினியம் பாக்சைட்டு என்னும் கல்லிலிருந்து பிரித்தெடுக்கப்படுகின்றது. இவற்றையெல்லாம் பூமியிலிருந்தே பெறுதல் வேண்டும். ஆதலின், சுரங்கம் வேண்டுமா வேண்டாவா என்று மட்டும் கேட்பது போதாது. எந்த இடத்தில் தோண்டுவது, எவருடைய இசைவைப் பெற்றுத் தோண்டுவது, இழப்பை எவர் சுமப்பது என்பனவும் கேட்கத்தக்க வினாக்களே ஆகும்.

சுரங்கம் இருவகைப்படும். ஆழத்தில் உள்ள கனிப்பொருளைக் குடைவு வழியே இறங்கி எடுப்பது ஒருவகை. மேலே உள்ள மண்ணையும் பாறையையும் முற்றிலும் அகற்றிவிட்டு எடுப்பது மற்றொரு வகை. பின்னது திறந்தவெளிச் சுரங்கம் எனப்படும். குடைவுச் சுரங்கத்தின் மேலே ஊர் ஓரளவு நிலைத்திருக்கக்கூடும். திறந்தவெளிச் சுரங்கத்திலோ, வீடும் வயலும் குளமும் மரமும் சுடுகாடும் கோயிலும் ஒருங்கே அகன்றால்தான் வேலை தொடங்கும். அகற்றிய மண்ணைக் கொட்டுவதற்கும் வேறு நிலம் வேண்டும். இதனால், சுரங்கம் சிறிது சிறிதாக நகர்ந்து ஊர்களை நோக்கி வருகின்றது.

தமிழ்நாட்டில் இதற்குத் தக்க சான்று நெய்வேலியாகும். இடையஞ்சாவடிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், கடலூர் மாவட்டத்தில் அது அமைந்துள்ளது. 1930-களில் அப்பகுதியின் நிலவுடைமையாளரான ஜம்புலிங்க முதலியார், தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்படுவதைக் கண்டு, அதனை ஆராயுமாறு அரசினரை வேண்டினார். அது பழுப்பு நிலக்கரி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. விடுதலைக்குப் பின், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திட்டம் உருப்பெற்றது. 1956 நவம்பர் மாதத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது; 1962-இல் சோவியத்து நாட்டின் துணையோடு அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது.

நெய்வேலியில் நிலக்கரியை எடுப்பது எளிய செயல் அன்று. ஒரு டன் நிலக்கரி பெறுவதற்கு ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மேல்மண்ணை அகற்றுதல் வேண்டும். இதற்கென வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரங்களையுடைய இராட்சத இயந்திரங்கள் செருமனியிலிருந்து வருவிக்கப்பட்டன. நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் தேங்கியுள்ளது. அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றி, நீர் பீறிட்டுச் சுரங்கத்தை நிரப்பிவிடும். ஆதலின், எடுக்கும் நிலக்கரியினும் பன்மடங்கு எடையுள்ள நீர் வெளியேற்றப்படுகின்றது. அந்நீரில் ஒரு பகுதி ஏரிகளை அடைந்து பாசனத்துக்கு உதவுகின்றது. எனினும், தங்கள் கிணறுகளில் நீர்மட்டம் கீழே சென்றுவிட்டது என்று சுற்றுப்புற ஊர்களின் உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர்.

நெய்வேலியால் விளைந்த நன்மை பெரிது. தென்னிந்தியாவின் ஆலைகளும் பாசனப் பொறிகளும் அதன் மின்சாரத்தால் இயங்கின. திட்டமிட்ட நகரம் ஒன்று எழுந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் வேலை பெற்றன. ஆயினும், அந்நகரம் எழுவதற்குப் பல சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. நிலத்தை விட்டவர்களுக்குப் பணம் தரப்பட்டது. மாற்று மனையும் தரப்பட்டது. நிலத்துக்கு விலை கிடைத்தாலும், அந்நிலத்தில் கூலிவேலை செய்து வந்தவருக்கு அந்த விலையில் உரிய பங்கு கிடைப்பது அரிது. பெற்ற பணம் சில ஆண்டுகளில் செலவாகிவிடும். இழந்த நிலமோ தலைமுறைகள் தோறும் சோறிட்டிருக்கும். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிலையான வேலை வேண்டும் என்னும் கோரிக்கை, தந்தையிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் வழிவழியாக வந்துகொண்டிருக்கின்றது.

இச்சிக்கல் பழங்கதையாகிவிடவில்லை. 2023 ஜூலை இறுதியில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி ஊரில், சுரங்க விரிவாக்கத்தை ஒட்டிப் பரவனாற்றின் போக்கை மாற்றும் வாய்க்கால் வெட்டும் பணி நடைபெற்றது. வயலில் நின்ற நெற்பயிர் இயந்திரங்களின் கீழ் மடிந்தது. அந்நிலம் பல்லாண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனம் கூறியது. உரிய இழப்பீடும் வேலையும் நிறைவாகக் கிடைக்கவில்லை என்றும், விளைந்த பயிரையேனும் அறுக்க விட்டிருக்கலாம் என்றும் உழவர்கள் கூறினர். போராட்டங்கள் எழுந்தன, அவற்றுள் ஒன்று கலவரமாக மாறியது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. அழிந்த பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. ஆவணத்தின்படி நிலம் ஒருவருடையதாகவும், உழைப்பின்படி பயிர் மற்றொருவருடையதாகவும் இருக்கும்போது, சட்டம் மட்டும் மன ஆறுதலைத் தருவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில், காவிரிப் பாசனப் பகுதியைச் சார்ந்த மூன்று நிலக்கரித் தொகுதிகள், தமிழக அரசின் வேண்டுகோளுக்கு இணங்க நடுவண் அரசின் ஏலப் பட்டியலினின்றும் நீக்கப்பட்டன.

நெய்வேலியில் அகன்றது பெரும்பாலும் வயலும் புன்செயுமாகும். காடு அடர்ந்த நாடுகளில் சுரங்கம் தோண்டும்போது இழப்பு இன்னும் ஆழமானது. காடு நீங்கினால் மண்ணுக்கு யாது நேரும் என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இடையஞ்சாவடியைச் சூழ்ந்த செம்மண் மேடு ஒருகாலத்தில் பசுமை மாறாத காட்டினால் மூடப்பட்டிருந்தது. மரங்கள் வெட்டப்பட்ட பின், மழைநீர் தடையின்றி ஓடி மேல்மண்ணை அரித்துக் கடலிற் சேர்த்தது. நிலம் பிளந்து ஆழ்ந்த ஓடைகள் உண்டாயின. 1968-இல் அவ்விடத்தில் ஆரோவில் என்னும் குடியிருப்பு தொடங்கப்பட்ட பின், கரைகள் கட்டி நீரைத் தேக்கியும், பல இலட்சம் மரக்கன்றுகளை நட்டும் மண்ணைக் காக்கும் பணி நடைபெற்றது. இன்று அங்கே மரங்கள் நிழல் தருகின்றன. வெட்டுவதற்கு எளிதாயிருந்த காட்டை மீண்டும் வளர்ப்பதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. அங்கே மண்ணேனும் எஞ்சியிருந்தது. சுரங்கம் மண்ணையும் விட்டுவைப்பதில்லை.

மழைக்காடுகளில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். வானளாவிய மரங்களைக் காண்போர், அவற்றின் கீழுள்ள மண் மிகவும் வளமானது என்று எண்ணுவர். உண்மையில், பெரும்பாலான மழைக்காடுகளின் மண் சத்துக் குறைந்தது. உதிரும் இலை விரைவில் மக்கி, அதன் சத்து உடனே வேர்களால் உறிஞ்சப்படுகின்றது. காட்டின் செல்வம் மரங்களிலேயே உள்ளது. மண்ணில் சேமிப்பு இல்லை. மரம் நீங்கினால் சத்தும் நீங்கும். பெருமழை எஞ்சிய மண்ணைக் கழுவிவிடும். அம்மண் ஆற்றிற் கலந்து, சுரங்கத்தைக் கண்ணாலும் காணாத தொலைதூர ஊர்களின் குடிநீரைக் கெடுக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில், கருநாடக மாநிலத்தின் சிக்கமகளூர் மாவட்டத்தில், குதிரேமுக் என்னும் மலை உள்ளது. மழை மிகுந்த சோலைகளும் புல்வெளிகளும் நிறைந்த இடம் அது, சோலைமந்திகளின் உறைவிடம். துங்கை, பத்திரை, நேத்திராவதி ஆகிய ஆறுகள் அம்மலைப்பகுதியிற் பிறக்கின்றன. அங்கு இரும்புத் தாது எடுப்பதற்காக 1976-இல் அரசு நிறுவனம் ஒன்று ஏற்பட்டது. அரைக்கப்பட்ட தாது நீரோடு கலந்து குழாய் வழியே மங்களூர்த் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டது. மழைக்காலந்தோறும் சுரங்கத்து மண் பத்திரை ஆற்றை நிறைத்தது. ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்களும் இயற்கை ஆர்வலர்களும் முறையிட்டனர். 2002 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 2005 டிசம்பர் இறுதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அதனால் காடு காக்கப்பட்டது. ஆயினும், சுரங்கத்தை நம்பிக் குடியேறிய தொழிலாளர்களின் நகரம் வெறிச்சோடியது. சுரங்கம் திறக்கும்போது சிலர் இடம்பெயர்கின்றனர்; மூடும்போது வேறு சிலர் இடம்பெயர்கின்றனர். தொடக்கத்திலேயே முடிவை எண்ணாத திட்டம் இரு சாராரையும் வருத்தும் என்பதற்கு இது சான்று.

பசிபிக் பெருங்கடலில், பப்புவா நியூகினியைச் சேர்ந்த பூகன்வில் என்னும் தீவு உள்ளது. மழைக்காடு போர்த்த அத்தீவின் பாங்குனா மலைப்பகுதியில், அந்நாடு ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்த காலத்தில், பெருமளவில் செம்பு கண்டறியப்பட்டது. நிலத்தின் மேற்பரப்பு மக்களுக்கு உரியதாயினும், அடியிலுள்ள கனிப்பொருள் அரசுக்கே உரியது என்பது ஆட்சியாளரின் சட்டம். இச்சட்டம் தீவு மக்களுக்கு விளங்கவில்லை. மரத்தையும் அதன் வேரையும் வெவ்வேறாகப் பிரிப்பது போன்று அவர்களுக்கு அது தோன்றியது. மேலும், அப்பகுதியில் நிலவுரிமை தாய்வழியே வருவது. நிலத்தைப் பற்றிய முடிவில் பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆட்சியாளரோ பெரும்பாலும் ஆண்களிடமே பேசினர். 1969-இல் கடற்கரையிலுள்ள ரொரொவானா என்னும் ஊரில் நிலத்தை அளக்க வந்தபோது, அவ்வூர்ப் பெண்கள் காவலரின் தடிகளுக்கும் புகைக்குண்டுகளுக்கும் அஞ்சாது எதிர்த்து நின்றனர்.

எனினும் சுரங்கம் தொடங்கியது. 1972 முதல் செம்பு ஏற்றுமதியாயிற்று. நாட்டின் வருவாயில் பெரும்பங்கு அச்சுரங்கத்திலிருந்தே கிடைத்தது. நிலத்தை இழந்தவர்க்குக் கிடைத்ததோ மிகச் சிறிய பங்கு. நூறு கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு ஆற்றில் விடப்பட்டது, ஆறு தூர்ந்து, கரைநிலங்கள் சேற்றில் மூழ்கின, மீன்கள் மறைந்தன. ஈட்டுத்தொகையைப் பெற்றவர் மூத்தோர். அவர்களுக்குப் பின் பிறந்த இளைஞர்க்கு நிலமும் இல்லை, பங்கும் இல்லை. அவர்களுடைய சினம் 1988-இல் கிளர்ச்சியாக வெடித்தது. 1989-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ பத்தாண்டுகள் நடைபெற்ற உள்நாட்டுப் போரில் பல்லாயிரம் மக்கள் மாண்டனர். 2001-இல் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. 2019-இல் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோருள் நூற்றுக்கு 97-க்கும் மேற்பட்டோர் தனிநாடு வேண்டும் என்றனர். தொடக்கத்தில் கேட்கப்படாத ஒரு கேள்விக்கு மக்கள் இத்துணை விலை கொடுக்க நேர்ந்தது.

எல்லாச் சுரங்கமும் அரசின் இசைவோடு நடப்பதும் அன்று. பிரேசில் நாட்டில், அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்களுக்கு உரிய நிலம் என 1992-இல் பெரும்பரப்பு வரையறுக்கப்பட்டது. ஆயினும், பொன் தேடுவோர் பல்லாயிரக்கணக்கில் சட்டத்துக்கு மாறாக அங்கே புகுந்தனர். பொன்னைப் பிரித்தெடுக்க அவர்கள் பயன்படுத்திய பாதரசம் ஆற்றில் கலந்து, மீன்களின் உடலில் சேர்ந்து, மீனை உண்ட மக்களையும் அடைந்தது. மலேரியாவும் பசியும் பரவின. 2023 ஜனவரியில் அந்நாட்டரசு அப்பகுதியில் நலவாழ்வு நெருக்கடி நிலையை அறிவித்தது. எல்லைக்கோடு வரைந்தால் மட்டும் போதாது. அதனைக் காப்பதும் அரசின் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

முன்னரே கேட்டறிந்து முடிவு செய்ய இயலுமா என்னும் ஐயம் எழலாம். இயலும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. ஒடிசா மாநிலத்தின் நியம்கிரி மலையில் டோங்கிரியா கோந்து என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மலை அவர்களுக்கு உணவு தருவது, வழிபாட்டுக்கும் உரியது. அம்மலையிலுள்ள பாக்சைட்டை வெட்டியெடுக்கத் திட்டம் எழுந்தபோது, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டத்தின்படி, மலைவாழ் மக்களின் உரிமைகளைப் பற்றி அவர்களுடைய ஊர்ச்சபைகளே ஆராய்தல் வேண்டும் என்று 2013 ஏப்ரல் மாதத்தில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே 12 சிற்றூர்களில் சபைகள் கூடின. பட்டா உள்ளவர், இல்லாதவர் என்னும் வேறுபாடின்றி, ஆடவரும் பெண்டிரும் தம் கருத்தைக் கூறினர். 12 சபைகளும் சுரங்கம் வேண்டா என்றே முடிவு செய்தன. 2014-இல் நடுவண் அரசு அத்திட்டத்துக்கு இசைவு மறுத்தது. ஒருவேளை அவர்கள் இசைந்திருப்பின் சுரங்கம் ஏற்பட்டிருக்கும். எவ்வாறாயினும், முடிவு அங்கு வாழ்பவர்களுடையதாக இருந்தது என்பதே கருதத்தக்கது.

நாட்டின் சட்டமும் இத்திசையில் சிறிது முன்னேறியுள்ளது. 1894-ஆம் ஆண்டின் பழைய நிலவெடுப்புச் சட்டம், நிலத்தின் உடைமையாளருக்கு விலை தருவதையே பெரிதாகக் கருதியது. 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, எடுக்கப்படும் நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகையாளரையும் உழவுத் தொழிலாளரையும் கைவினைஞரையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தினராக ஏற்றுக்கொள்கின்றது. நிலத்தை எடுப்பதற்கு முன் சமூக விளைவுகளை ஆராய்தல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. ஆயினும், நிலக்கரி எடுப்பதற்கெனத் தனிச் சட்டங்கள் உள்ளன. எழுதப்பட்ட சட்டம் எங்கும் ஒரே வகையாக நடைமுறையில் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஊரார் தம் உரிமையை அறிந்து, ஊர்ச்சபையில் எழுந்து பேசும் அளவுக்கே சட்டம் உயிர்பெறும்.

நெய்வேலியின் நிலக்கரி, குதிரேமுக்கின் இரும்பு, பாங்குனாவின் செம்பு, அமேசானின் பொன், நியம்கிரியின் பாக்சைட்டு ஆகிய யாவும் இயற்கையின் கொடைகளே. அவை ஒருமுறை எடுத்தால் மீண்டும் விளையாதவை. மரக்காணத்துப் பாத்தியில் ஆண்டுதோறும் விளையும் உப்பைப் போன்றவை அல்ல. மீளாத ஒன்றை எடுக்கும்போது எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். நிலத்தின் கீழே எத்துணை டன் பொருள் உள்ளது என்று அளக்கும் கருவிகள் பல உள்ளன. நிலத்தின் மேலே எத்தனை பேர் அதனால் வாழ்கின்றனர் என்று அறிவதற்குக் கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. சென்று கேட்டலே போதும். பட்டா உடையவரை மட்டுமன்றி, உழுபவரையும் மேய்ப்பவரையும், பெண்டிரையும், நாளை அந்நிலத்தில் வாழவேண்டிய இளைஞரையும் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்டபின் எழும் சுரங்கம் நாட்டுக்கு ஒளி தரும். கேளாது எழும் சுரங்கம், தான் தந்த ஒளியினும் நெடிய பகையை விட்டுச் செல்லும்.